நாளைக்கு நீ சாட்சி சொல்ல வேண்டாம்

ஜேம்ஸ்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாளே இவள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ சிரித்து ரொம்ப நாளாகிறது, அதற்காவது இது உதவட்டும். பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருக்கின்றன. ஆயா பின்னால் பாத்திரம் கழுவுகிறாள். இன்னும் கொஞ்ச நேரத்துக்கு என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட மாட்டார்கள். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா" என்கிறாய். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் சொல்கிறாய். குளிக்கிறியா என்றாலும் சரிம்மா, இப்போ குளிக்காதே என்றாலும் சரிம்மா. கம்பெனியில் சூப்பர்வைசருக்குச் சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது போலிருக்கிறது. காகிதத்திடம் அப்படிச் சட்டென்று சரி சொல்லிவிட முடியாது. உட்கார்ந்து முழுசும் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர் உன் பேரைக் கூப்பிடுவார். நீ எழுந்து நின்று, கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தார், திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். பாஸ்டர், உன் அப்பா, ஜெபக்குழு எஸ்தர் அக்கா, எல்லோருமாகச் சேர்ந்து இப்படி முடிவு செய்திருக்கிறார்கள். நீயும் சரி என்றுவிட்டாய். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உனக்குச் சரியாகவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீ பஸ் ஏறாமல் நின்ற அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசவே இல்லை. பால்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றி நின்றார். "டீச்சர், உன் புள்ள காலைலருந்து ஸ்டாப்பிங்லயே நின்னுகினு கீறான். இன்னான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டன்றான். போய்ப் பாரு" என்றார். போட்டது போட்டபடி வந்தேன். மண்ணூர் ரோட்டு வளைவில், நல்ல வெயிலில், யூனிஃபார்மும் ஷூவுமாக, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாய். நிழற்குடை பக்கத்தில்தான் இருந்தது, அதற்குள் கூடப் போகவில்லை. காலை ஷிப்ட் பஸ் வந்ததாம், கதவைத் திறந்ததாம். டிரைவர், "இன்னா ஜேம்ஸு, ஏறலையா?" என்று கேட்டாராம். நீ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். நான் வந்து கையைப் பிடித்து என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, "கால் வரலம்மா" என்று மட்டும் சொன்னாய். அவ்வளவு பெரிய பிள்ளையை, பால்வாடிப் பிள்ளையைக் கூட்டி வருவதுபோல் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நினைக்கிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டுதான் வந்தேன்.

அன்றைக்குத் திடீரென்று வந்ததா அது? இல்லை. நம் வீட்டைச் சுற்றிப் பார். குக்கர், சுவர்க்கடிகாரம், டேபிள் ஃபேன், பரண்மேல் இருக்கிற அந்தச் சிவப்பு சூட்கேஸ். வருஷம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்கு ஆயுதபூஜை அன்றைக்கு மேடை போட்டு உன் கம்பெனியில் கொடுத்த பரிசுகள். நம் வீட்டுச் சாமானில் பாதி நீ லீவு போடாததால் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அதை உன் அப்பா தெருவழியாகத் தலைமேல் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு வருவார். பிரிக்காமல் ஒரு வாரம் கூடத்தில் வைத்திருப்போம், வருகிறவர்கள் பார்ப்பதற்காக. உன் தங்கை கிரேஸ் கல்யாணத்தில் நீ என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை தாலி கட்டினார், ஜெபம் முடிந்தது, பந்திக்கு இலை போடுகிறார்கள். நீ சர்ச்சின் பின்னறையில் போய்ப் பட்டுவேட்டியை அவிழ்த்துவிட்டு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்தாய். ரெண்டாவது ஷிப்ட். போட்டோக்காரர் விடவில்லை, அப்படியே வந்து நில்லுங்க என்றார். குரூப் போட்டோவில் எல்லோரும் பட்டில் நிற்க, கடைசியில் நீ நீலச் சட்டையில் கம்பெனி பேட்ஜோடு நிற்கிறாய். "இந்த மாதிரி ஒரு புள்ள பெத்திருக்கணும்" என்று சம்பந்தி சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. இப்போது கிரேஸ் வரும்போதெல்லாம் அந்த ஆல்பத்தைத் திறப்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அதற்கப்புறம் உன்னை லைன் லீடர் ஆக்கினார்கள். கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் அடிக்கிற உங்கள் லைன் நின்றால், அந்தப் பக்கம் கார் கம்பெனியில் லைன் நிற்கும், அவன் போன் போட்டுக் கத்துவான் என்று நீ எனக்கு விளக்கிச் சொன்னாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. கம்பெனியிலேயே செல்போன் கொடுத்தார்கள். நம் தெருவுக்கு முதல் செல்போன் உன் கையில்தான் வந்தது. ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. சனியன், அது வந்த நாளிலிருந்து நீ ஒரு கவளம் சோற்றை உட்கார்ந்து முழுங்கி நான் பார்க்கவில்லை. அடித்ததும் எழுந்து நின்று பேசுவாய். எச்சில் கையோடு நின்றுகொண்டு, "ஓகே சார், முடிச்சிடலாம் சார், நானே வந்துடறேன் சார்" என்பாய். போனில் பேசுகிறவனுக்கு நீ நிற்பது தெரியவா போகிறது, உட்கார்ந்து பேசேன்டா என்று ஒருநாள் கேட்டேன். சரிம்மா என்றாய், நின்றபடி. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம், ஓ.டி. என்றார்கள். சர்ச்சுக்கு வருவது நின்றது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்து படுத்தவன் மறுநாள் மத்தியானம் எழுந்து நேரே பஸ்ஸுக்குப் போனாய். நாங்களும் சரி, வாலிப வயசு, உழைக்கிறான் என்று இருந்தோம்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்னதை உன் அப்பா மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. "உடம்புல நோய்னு எதுவும் இல்லம்மா. ஆள் தீர்ந்துபோயிட்டான். மூணு மாசமாவது கம்பெனி பக்கமே போகக் கூடாது. நல்லாத் தூங்கட்டும். எப்ப வேலைக்குப் போவேன்னு வீட்ல யாரும் கேக்கவும் கூடாது" என்றார். கம்பெனியில் சம்பளமில்லா லீவு கொடுத்தார்கள். நீ தூங்கினாய். நல்லா இருக்கிற பிள்ளை இப்படித் தூங்குவானா என்று எனக்குப் பயமாக இருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன், சொன்னால் நம்ப மாட்டாய். பகலில் வாலிபப் பையன் வீட்டில் படுத்திருந்தால் ஊருக்குச் சும்மா இருக்க முடியுமா? தண்ணீர்க் குழாயில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், பால்வாடிக்குப் பிள்ளையை விட வந்தவர்கள் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் ஜெபத்துக்குச் சொன்னேன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆனால் அவர்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். புதன்கிழமை பெண்கள் குழு, வெள்ளிக்கிழமை வாலிபர் குழு, நடுவில் பாஸ்டர். எல்லோரும் நல்லவர்கள், கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. நீ ஒவ்வொரு தடவையும் முகம் கழுவி, தலை வாரி, சட்டை போட்டுப் பாயில் முழங்கால் போட வேண்டும். தலைமேல் கை வைப்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும், "இப்ப எப்டி கீது தம்பி?" என்று கேட்பார்கள். "பரவால்லக்கா" என்று நீ ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். சோம்பலின் ஆவியைக் கடிந்துகொள்கிறோம் என்று ஒருவர் சத்தமாக ஜெபித்தபோது உன் காது சிவந்ததைப் பார்த்தேன். ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது நீ குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, அந்தச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாய். ஜெபம் சாயங்காலம்தான். அன்றைக்குப் புரிந்தது, இதையும் உனக்கு ஒரு ஷிப்டாக ஆக்கிவிட்டோம். புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிற ஜெபத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

போன வாரம் நீ கருவாட்டுக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாய். உனக்கு அது சாதாரணம். எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எத்தனையோ மாதமாக, போட்டதைத் தின்கிறவனாகத்தானே இருந்தாய், இது வேண்டும் என்று நீ ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது. நான் கரண்டியோடு அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து ஊற்றினேன். அந்தச் சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை எனக்கு. மறுநாள் குழாயடியில் எஸ்தர் அக்காவிடம், "நேத்து ரெண்டாந்தடவ கேட்டு வாங்கி சாப்ட்டான்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது ஜேம்ஸுக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று ஆகிவிட்டது. பாஸ்டர் ஸ்கூட்டரில் வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஞாயிறு சாட்சி என்றார். அதே வாரம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. உன் அப்பா எடுத்தார், திங்கட்கிழமை வந்துவிடுவான் என்றார். ஒரு கரண்டி குழம்பிலிருந்து எங்கே போய் நிற்கிறது பார்.

உன்னோடு லைனில் நிற்கிற முருகேசன், தென்காசிப் பக்கத்துப் பையன், சுங்குவார்சத்திரத்தில் ரூமில் இருக்கிறானே, அவன் முந்தாநாள் உன்னைப் பார்க்க வந்துவிட்டு அடுப்படிக்கு வந்தான். தண்ணீர் கேட்பதுபோல் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "யம்மா, நான் சொன்னேன்னு சொல்லிராதீய. எங்க ரூம்ல ஒரு பய, காய்ச்சல்னு ஊருக்குப் போனான். படுத்து எந்திரிக்க முன்னாடியே வா வான்னு கூப்பிட்டுட்டாவ. வந்தான். கண்ணச் சொருகிக்கிட்டு வருதுன்னு சொல்லிக்கிட்டேதான் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்ல நின்னான். வெரலு போயிட்டும்மா. இப்பம் எங்க இருக்கான்னே தெரியல. அண்ணன இப்பம் அனுப்பிராதீய" என்றான். என் கையில் இருந்த சொம்பை அப்படியே கீழே வைத்தேன். பிறகு ஒன்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "இவன் இல்லாம லைன் நின்னுச்சாப்பா?" அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "இல்லம்மா. மறுநாளே வேற ஆளப் போட்டுட்டாவ." உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். நீ எழுந்து நின்று எச்சில் கையோடு காப்பாற்றிய லைன், நீ இல்லாமல் ஒரு நாளும் நிற்கவில்லை.

இன்றைக்குக் காலையில் நீ யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வளைவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நீ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாய். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். சத்தம் வராமல் எடுத்தாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, என்னைப் பார்த்ததும், "வெயிலும்மா" என்றாய். காலை வெயிலில் யாருக்கடா வாந்தி வரும்? நீ உள்ளே வந்து மிச்சச் சட்டைக்கும் இஸ்திரி போட்டு முடித்தாய்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் மேஸ்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு இப்ப ரகள பண்ற?" என்றார். "கம்பெனிக்காரன் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டான். இப்பவும் போலன்னா வேலையே பூடும். ஒருத்தன் பாக்கியில்லாம கேக்கறான், இன்னா மேஸ்திரி, பையன் வூட்லயே கீறான்னு. நான் இன்னா சொல்றது?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."

"காய்ச்சலும் இல்ல, கை கால்ல கட்டும் இல்ல. இன்னாத்தக் காட்டி சொல்றது?"

"காலைல வாந்தி எடுத்தான். பஸ் சத்தம் கேட்டு."

செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு போனார். அவரைத் தப்பாக நினைக்காதே. சாரத்திலிருந்து விழுந்து தோள் இறங்கியபோதுகூடக் கட்டோடு வந்து மற்றவர்களை வேலை வாங்கிய மனுஷன். கண்ணுக்குத் தெரிகிற காயம்தான் அவருக்குப் புரியும். எனக்கும் இரண்டு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் அப்படித்தான்.

வேலை போனாலும் போகலாம், ஜேம்ஸ். அதெல்லாம் போகாது, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரகடம் ரோட்டில் தினம் ஒரு போர்டு புதிதாக மாட்டுகிறார்கள், வேறு கிடைக்கும் என்பார்கள். கிடைக்கலாம். அங்கேயும் லைன்தான் இருக்கும், அங்கேயும் போன் அடிக்கும். நீ முன்னே இருந்த மாதிரி ஆவாயா என்றும் எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவும் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான். லீவு எடுத்தால் லீவில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்போ போவேன், என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டால் அது லீவு இல்லை, சம்பளமில்லாத ஓ.டி. மூன்று மாதம் என்று சொன்னார், மூன்று மாதமும் இரு. அதற்கப்புறமும் கால் வரவில்லையென்றால் இன்னும் இரு. பிறகு ஒரு நாள் வேலைக்குப் போனால், லீடர் வேலை எனக்கு வேண்டாம், பழையபடி லைனிலேயே நிற்கிறேன் என்று சொல்லு. அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடு. தலை குனிவு என்று உனக்குத் தோன்றினால், மண்ணூர் ரோட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடி நடந்தவள் நான், அதைவிடக் குனிவு ஒன்றும் இல்லை. அதையும் தாண்டி வந்துவிட்டோம்.

நாளைக்குக் காலையில் உன்னை எழுப்ப மாட்டேன். நீ சர்ச்சுக்கு வர வேண்டாம். வராததைக் கர்த்தர் கணக்கில் வைக்க மாட்டார், வைத்தால் நான் பேசிக்கொள்கிறேன். உன் அப்பாவும் நானும் போகிறோம். பாஸ்டர் உன் பேரைக் கூப்பிட்டதும் நான் எழுந்திருப்பேன். இருபது வருஷம் பால்வாடியில் கத்தியவள், ஆனாலும் நாளைக்குக் குரல் நடுங்கும் என்று இப்போதே தெரிகிறது. "என் புள்ளைக்கு இன்னும் சரியாவல. திங்கக்கெழம வேலைக்குப் போவல. நீங்க எல்லாரும் உங்க வூட்லருந்தே ஜெபம் பண்ணுங்க, எங்க வூட்டுக்குக் கொஞ்ச நாள் யாரும் வராதீங்க." இவ்வளவுதான் சொல்வேன். நம் சபையில் சாட்சி முடிந்ததும் எல்லோரும் கைதட்டி அல்லேலூயா சொல்வார்கள். இதற்கு யாரும் சொல்ல மாட்டார்கள். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியில் நான் உட்கார்ந்துகொள்வேன்.

அம்மா